ஜப்பானியப் பெருஞ்சாலமாண்டர்

ஜப்பானியப் பெருஞ்சாலமாண்டர் என்பது ஜப்பானின் தென்மேற்குப் பகுதியில், மலை ஆறுகளிலும் ஓடைகளிலும் மட்டும் வாழும் ஓர் இருவாழ்வி. தலை முதல் வால்நுனி வரை சுமார் 150 செ.மீ. நீளம் வளரக்கூடியது. இதைவிடப் பெரிய இருவாழ்விகள் சீனாவில் வாழும் இதன் நெருங்கிய உறவினங்கள் மட்டுமே. இதன் அறிவியல் பெயர் ஆன்ட்ரியாஸ் ஜப்போனிகஸ். ஆன்ட்ரியாஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'மனித உருவம்' என்று பொருள். தவளைக்கு உறவான ஒரு நீர்விலங்குக்கு மனிதனின் பெயர் வந்தது ஒரு பிழையால். அந்தப் பிழை நடந்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகும் இந்த விலங்கைச் சரியாக அடையாளம் காண்பது மனிதர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. இன்று இதன் எதிர்காலத்தை முடிவு செய்யும் சிக்கல்களில் பெரியதும் ஓர் அடையாளச் சிக்கல்தான்.

பெயரும் இனமும்

இருவாழ்விகள் மூன்று பெரும் பிரிவுகளாக உள்ளன. தவளையும் தேரையும் வால் இல்லாதவை. மண்புழுவைப் போலத் தோன்றும் சிசிலியன்கள் கால் இல்லாதவை. வால், கால் இரண்டும் உடையவை சாலமாண்டர்கள். முதல் இரு பிரிவுகளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிறைய உண்டு. மூன்றாவது பிரிவு தென்னிந்தியாவில் கிடையாது. டார்ஜிலிங், மணிப்பூர் போன்ற வடகிழக்கு மலைப்பகுதிகளில்தான் இந்தியச் சாலமாண்டர்களைக் காணலாம். எனவேதான் தமிழில் இதற்கு நாட்டுப்பெயர் இல்லை. படத்தில் பார்ப்பவர்கள் பல்லி என்றோ உடும்பு என்றோ நினைப்பது இயல்பு. ஆனால் பல்லிக்குச் செதில் உண்டு, சாலமாண்டருக்குக் கிடையாது. இதன் தோல் எப்போதும் ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும்.

பெருஞ்சாலமாண்டர் குடும்பம் இன்று உலகில் மூன்று நாடுகளில் மட்டுமே எஞ்சியுள்ளது: ஜப்பான், சீனா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதி. அமெரிக்காவில் உள்ளது ஹெல்பெண்டர் எனப்படும் சிறிய இனம்.

ஜப்பானிய மொழியில் இதன் பெயர் ஓசான்ஷோவுவோ. 'ஓ' என்றால் பெரிய, 'உவோ' என்றால் மீன். சான்ஷோ என்பது ஜப்பானியர் மிளகைப்போல உணவில் சேர்க்கும் ஒரு காரமான காய். சீண்டப்பட்டால் இந்த விலங்கின் தோலிலிருந்து வெண்ணிறப் பால் போன்ற ஒரு நீர் கசியும். அதன் வாடை சான்ஷோவை ஒத்திருப்பதால் இந்தப் பெயர் வந்தது. ஊர்ப்புறங்களில் வழங்கும் மற்றொரு பெயர் ஹன்சாகி. பாதியாகக் கிழித்துப் போட்டாலும் சாகாது என்ற நம்பிக்கையிலிருந்து அது பிறந்ததாகச் சொல்வார்கள். நம்பிக்கை தவறு, ஆனால் அதன் விடாப்பிடியான உயிர்வாழ்வைப் பார்த்தவர்கள்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

வெள்ளத்தின் சாட்சி

இந்த விலங்கின் ஐரோப்பிய வரலாறு ஜப்பானில் தொடங்கவில்லை. ஒரு கல்லில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் யோகான் யாகோப் ஷாய்க்சர் என்ற மருத்துவர் வாழ்ந்தார். புதைபடிவங்களைச் சேகரிப்பதில் பெயர் பெற்றவர். விவிலியத்தில் கூறப்படும் நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் மூழ்கிய உயிர்களே கல்லில் பதிந்து கிடக்கின்றன என்பது அவருடைய உறுதியான கருத்து. மீன்களும் இலைகளும் கிளிஞ்சல்களும் அவருக்கு ஏராளமாகக் கிடைத்தன. வெள்ளம் யாருடைய பாவத்திற்காக வந்ததோ அந்த மனிதன் மட்டும் கிடைக்கவில்லை.

கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகில் ஓனிங்கன் என்ற ஊரின் கல்குவாரியில் கிடைத்த ஒரு படிவம் அந்தக் குறையைத் தீர்த்ததாக அவர் நம்பினார். வட்டமான தலை, இரு பெரிய கண்குழிகள், அதன் கீழே வரிசையான முதுகெலும்புகள். 1726-இல் அதை வெளியிட்டு, 'வெள்ளத்தைக் கண்ட மனிதன்' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். ஷாய்க்சர் அறிவில் குறைந்தவர் அல்லர். புதைபடிவங்கள் உண்மையான உயிர்களின் எச்சங்களே, இயற்கையின் விளையாட்டு அல்ல என்று வாதிட்டவர்களில் அவரும் ஒருவர். எதைத் தேடினாரோ அதையே கண்டார் என்பதுதான் அவருடைய பிழை. அவர் 1733-இல் இறந்தார்.

பின்வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். 1758-இல் யோகான்னஸ் கெஸ்னர் என்ற சுவிஸ் அறிஞர் இதைக் கெளுத்தி இன மீன் என்றார். 1787-இல் டச்சு உடற்கூற்று அறிஞர் பெத்ரஸ் காம்பர் பல்லி இனம் என்றார். மனிதன் மீனாகி, மீன் பல்லியான பிறகு, 1802-இல் அந்தக் கல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் உள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது.

1811-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் குவியே அங்கு வந்தார். எலும்புகளை ஒப்பிட்டு அறிவதில் அவருக்கு இணையானவர் அந்நாளில் இல்லை. சாலமாண்டர் எலும்புக்கூட்டின் படம் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, கல்லை மேலும் சிறிது சிறிதாகக் கொத்தி எடுக்கச் செய்தார். அது சாலமாண்டர் என்றால் கால்கள் எங்கே இருக்க வேண்டுமோ, அங்கேயே கல்லுக்குள்ளிருந்து முன்னங்கால்கள் வெளிப்பட்டன. 85 ஆண்டுகள் மனிதனாகவும் மீனாகவும் பல்லியாகவும் இருந்த படிவம் அன்று சாலமாண்டர் ஆயிற்று. ஒரு கருத்தைச் சொல்லி, அது சரியா தவறா என்று எல்லோர் முன்னிலையிலும் சோதித்துக் காட்டியதற்கு மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1837-இல் யோகான் யாகோப் ஃபொன் சூடி என்ற மற்றொரு சுவிஸ் அறிஞர் இந்தப் படிவ இனத்துக்கு ஆன்ட்ரியாஸ் என்ற பேரினப் பெயரை அளித்தார். இனப்பெயரில் ஷாய்க்சரின் பெயர் நிலைத்தது. இவ்வாறு பிழையும் பிழை செய்தவரும் ஒரே பெயருக்குள் இடம்பெற்றனர். உயிருள்ள ஜப்பானிய விலங்குக்கு வேறு பேரினப் பெயர் நீண்ட காலம் வழங்கியது. இரண்டும் ஒரே பேரினம் என்ற கருத்து 20-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றபோது, முந்தைய பெயரான ஆன்ட்ரியாஸ் உயிருள்ள விலங்குக்கும் வந்து சேர்ந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1936-இல் வெளியிட்ட 'சாலமாண்டர்களுடன் போர்' என்ற பொருள்படும் நாவலில் மனிதர்களை எதிர்த்து எழும் விலங்கும் இந்தப் பெயர் தாங்கியதே.

கப்பலேறிய விலங்கு

ஜப்பான் அந்நாளில் அயலாருக்குக் கதவை அடைத்திருந்தது. ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்கள் மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்டனர். அங்கு மருத்துவராக 1823-இல் வந்தவர் பிலிப் ஃபிரான்ஸ் ஃபொன் சீபோல்ட் என்ற ஜெர்மானியர். 1826-இல் ஷோகனைக் காண எடோ நகருக்கு (இன்றைய டோக்கியோ) டச்சுக் குழுவினர் சென்றபோது அவரும் உடன் சென்றார். அந்தப் பயணத்தில் சுசுகா மலைப்பகுதியில் பெருஞ்சாலமாண்டர் அவருக்குக் கிடைத்தது.

1829-இன் இறுதியில் அவர் ஜப்பானை விட்டு வெளியேற்றப்பட்டார். கொண்டு சென்றவற்றுள் ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இரு உயிருள்ள பெருஞ்சாலமாண்டர்களும் இருந்தன. வழியில் ஆண் பெண்ணைத் தின்றுவிட்டது. எஞ்சியது 1830-இல் நெதர்லாந்தை அடைந்து முதலில் லெய்டனிலும், பின்னர் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையிலும் வாழ்ந்தது. 1881-இல்தான் அது இறந்தது. அதைக் கொண்டுவந்த சீபோல்ட் இறந்து அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் தொட்டியில் வாழ்ந்த அந்த ஒரு விலங்கால்தான் இந்த இனத்தின் நீண்ட ஆயுளை உலகம் அறிந்தது. ஹார்லெமில் கல்லாகக் கிடந்த உறவினத்துக்கும் ஆம்ஸ்டர்டாமில் உயிரோடிருந்த இதற்கும் இடையே ஒரு நாள் நடைத்தொலைவுதான். 1836-இல் லெய்டன் அருங்காட்சியகத்தின் கோன்ராட் தெம்மிங்க் இதற்கு ஜப்போனிகஸ் என்ற பெயரை அளித்தார்.

ஓடைக்குள் ஒரு வாழ்க்கை

பெருஞ்சாலமாண்டருக்கு நுரையீரல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் தோல் வழியாகவே மூச்சு விடுகிறது. உடலின் இரு பக்கங்களிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பெறும் பரப்பைக் கூட்டுகிறது. குளிர்ந்த, ஓடும் நீரில்தான் ஆக்சிஜன் போதிய அளவு கரைந்திருக்கும். தேங்கிய வெதுவெதுப்பான நீர் அதற்கு ஒத்துவராது. குளத்திலோ ஏரியிலோ அல்லாமல் மலை ஆற்றில் மட்டும் அது வாழ்வதற்குக் காரணம் இதுவே.

கண்கள் குன்றிமணியினும் சிறியவை, இமை கிடையாது, பார்வை மிகக் குறைவு. பகலெல்லாம் கரையோரப் பொந்திலோ பாறையடியிலோ கிடக்கும். இரவில் வெளியே வந்து, அசையாமல் காத்திருக்கும். நீரில் ஏற்படும் சிறு அதிர்வையும் தோலில் உள்ள உணர்வுறுப்புகள் அறியும். மீன் அருகில் வந்ததும் பெரிய வாயைச் சட்டென்று திறக்க, நீரோடு மீனும் உள்ளே இழுக்கப்படும். மீன், நண்டு, தவளை, பூச்சி, தன் இனத்துச் சிறியவை என எதையும் விடாது.

ஆகஸ்ட் மாதத்தில் இவை இனப்பெருக்கத்துக்காக ஆற்றின் மேற்பகுதியை நோக்கி நகரத் தொடங்கும். கரையில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒற்றை வாயில் கொண்ட பொந்துகளே முட்டையிடும் இடம். ஒரு பெரிய ஆண் அந்தப் பொந்தைக் கைப்பற்றிக் காவல் காக்கும். ஜப்பானியர் அதை 'நுஷி' என்பார்கள். வீட்டுக்காரன், உரிமையாளன் என்று பொருள். உள்ளே வரும் பெண் சுமார் 400 முதல் 600 முட்டைகளை மணிமாலை போன்ற நீண்ட சரமாக இடும். அத்துடன் தாயின் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் தந்தையின் பொறுப்பு.

வாலை மெல்ல அசைத்து முட்டைகளின்மேல் புது நீர் பாயச் செய்யும், சரங்களைப் புரட்டும், நுழைய முயலும் மற்றவற்றை விரட்டும். பூஞ்சை பிடித்த, செத்த முட்டைகளைத் தேர்ந்தெடுத்துத் தின்றுவிடும். தன் முட்டையைத் தானே தின்கிறதே என்று முதலில் தோன்றும். ஆனால் அழுகிய ஒன்றை அகற்றினால்தான் மற்றவை பிழைக்கும் என்பதால் இது துப்புரவு வேலையே என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். நீளம் மூன்று செ.மீ. அளவே. உடனே அவை ஆற்றுக்குச் செல்வதில்லை. குளிர்காலம் முழுவதும் தந்தையின் காவலில் பொந்திலேயே இருந்து, அதன் பிறகே பிரிந்து செல்லும். வெளிப்புறச் செவுள்கள் மறைய நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மண்ணும் வேரும் பாறையும் உள்ள ஓர் ஆற்றங்கரை.

தொன்மமும் இலக்கியமும்

ஒகயாமா மாகாணத்தின் யுபரா என்ற வெந்நீரூற்று ஊரில் வழங்கும் கதை இது. ஆற்று மடுவில் பத்து மீட்டர் நீளமான ஹன்சாகி ஒன்று இருந்து, மாடு, குதிரை, மனிதர் என எதையும் விழுங்கி வந்தது. 1593-இல் மியுரா ஹிகோஷிரோ என்ற இளைஞன் கத்தியுடன் மடுவில் குதித்தான். அது அவனை விழுங்கியது. அவன் உள்ளிருந்தே வயிற்றைக் கிழித்து வெளியே வந்தான். ஆனால் அதன்பின் ஊரில் விளைச்சல் பொய்த்தது. அவன் குடும்பமே அழிந்தது. இரவில் அழுகுரல் கேட்டது. அஞ்சிய மக்கள் அந்த விலங்குக்கே கோயில் எடுத்தனர். ஆண்டுதோறும் ஆகஸ்டில் அங்கு ஹன்சாகி திருவிழா நடக்கிறது. பெரிய சாலமாண்டர் உருவங்களை ஊர்வலமாகக் கொண்டு வருகின்றனர். கொன்றதற்குத் தெய்வமாக்கி ஈடு செய்வது நம் கிராமத் தெய்வக் கதைகளை அறிந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

இபுசே மசூஜி 1929-இல் வெளியிட்ட 'சாலமாண்டர்' என்ற சிறுகதை ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களில் பல தலைமுறைகளாக இடம்பெற்றது. பொந்துக்குள் இருந்தபடியே வளர்ந்துவிட்டதால் வாயில் வழியே வெளியே வர முடியாமல் போன சாலமாண்டரின் கதை அது.

கோயில் கட்டிய மக்களே இதைப் பிடித்து உண்ணவும் செய்தனர். மலைக் கிராமங்களில் இது உணவாகவும் மருந்தாகவும் இருந்தது.

சட்டம் காத்ததும் காக்காததும்

1951-இல் ஜப்பான் அரசு பெருஞ்சாலமாண்டரை இயற்கை நினைவுச் சின்னமாகவும், 1952-இல் சிறப்பு இயற்கை நினைவுச் சின்னமாகவும் அறிவித்தது. இது பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டத்தின்கீழ் வருவது. அதாவது பழங்கோயில்களையும் ஓவியங்களையும் காக்கும் அதே சட்டம். அனுமதியின்றி இதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அனைத்துலக வணிகமும் 1975 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வேட்டை நின்றது. வேட்டையைப் பொறுத்தவரை இது முழு வெற்றி.

ஆனால் விலங்குக்குக் கிடைத்த பாதுகாப்பு, அது வாழும் ஆறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பிந்திய ஜப்பானில் வெள்ளத்தடுப்புக்காகவும் பாசனத்துக்காகவும் ஆறுகள் சீரமைக்கப்பட்டன. கரைகளுக்குக் கான்கிரீட் பூசப்பட்டது. குறுக்கே தடுப்பணைகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களிடம் கான்கிரீட் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கான்கிரீட் கரையில் பொந்து கிடையாது. பொந்து இல்லையென்றால் முட்டையிட இடமில்லை. ஒரு மீட்டர் உயரச் சுவரைக்கூடப் பெருஞ்சாலமாண்டரால் ஏற முடியாது. ஆகஸ்டில் மேல்நோக்கிப் புறப்படுபவை தடுப்பணையின் அடியில் வந்து முட்டி நிற்கின்றன. வெள்ளத்தில் கீழே அடித்துச் செல்லப்பட்டவை திரும்பி வர வழியில்லை.

இதன் விளைவு உடனே கண்ணில் படாது என்பதுதான் பெரிய ஆபத்து. ஐம்பது ஆண்டு வாழும் விலங்கு, இனம் பெருகாவிட்டாலும் ஆற்றில் தொடர்ந்து தென்படும். 'இருக்கிறதே, நேற்றுகூடப் பார்த்தேன்' என்று ஊரார் சொல்வார்கள். பார்த்ததெல்லாம் கிழங்களாக இருக்கலாம். குஞ்சுகள் உள்ளனவா என்று தேடினால்தான் உண்மை தெரியும்.

இதற்கு ஈடு செய்யும் முயற்சிகளும் நடந்துள்ளன. ஹிரோஷிமாவின் ஆசா மிருகக்காட்சிசாலை 1979-இல் முதன்முறையாக இவ்வினத்தைக் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அங்குள்ளவர்கள் ஆற்றங்கரையில் செயற்கைப் பொந்துகளையும் அமைத்தனர். அவற்றை விலங்குகள் ஏற்றுக்கொண்டன. சில தடுப்பணைகளில் ஏறிச்செல்லச் சரிவுப் பாதைகளும் படிகளும் கட்டப்பட்டுள்ளன. ஹியோகோ மாகாணத்தில், மாணவர்கள் இல்லாமல் மூடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தில் இந்த ஒரே விலங்குக்கான ஆய்வுக்கூடம் இயங்குகிறது. ஊர் சுருங்கிப் பள்ளி மூடியதில் நேர்ந்த ஒரு நல்ல பயன் இது.

உறவினரின் வருகை

1972-இல் சீனப் பெருஞ்சாலமாண்டர்கள் உணவுக்காக ஜப்பானுக்கு இறக்குமதி செய்யப்பட்டன. ஜப்பானிய இனத்தை உண்ணத் தடை. சீன இனத்துக்கு அன்று தடை இல்லை. அவற்றுள் சில ஆற்றுக்குள் வந்து சேர்ந்தன. கியோட்டோ நகரின் நடுவே ஓடும் காமோ ஆற்றில் அவை உள்ளூர் இனத்துடன் கலந்தன. பிறந்த கலப்பினங்கள் மலடாக இல்லை; அவையும் பெருகின. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை செய்தபோது, அந்த ஆற்றில் பெரும்பாலானவை கலப்பினங்கள் என்றும் தூய ஜப்பானிய இனம் மிகச் சிலவே என்றும் தெரிந்தது. பிற ஆறுகளிலும் கலப்பினங்கள் காணப்பட்டுள்ளன. 2024 ஜூலை முதல் சீன இனமும் கலப்பினமும் ஜப்பானியச் சட்டப்படி தீங்கு தரும் அயல் உயிரினங்களாயின. அவற்றை அனுமதியின்றி வளர்ப்பதோ கொண்டு செல்வதோ ஆற்றில் விடுவதோ குற்றம்.

இதில் ஒரு வேதனை உண்டு. ஜப்பானில் அயலான் எனப்படும் அந்தச் சீன விலங்கு, தன் சொந்த நாட்டில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. சீனாவில் பண்ணைகளில் அவை ஏராளம். ஆனால் 2013 முதல் 2016 வரை 97 இடங்களில் தேடியபோது, நான்கே இடங்களில் 24 விலங்குகள்தான் கிடைத்தன. அவையும் பண்ணையிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்பது 2018-இல் வெளியான முடிவு. ஒரே இனம் என்று கருதப்பட்டதற்குள் பல இனங்கள் இருப்பதும் மரபணுச் சோதனையால் தெரியவந்தது. அவற்றுள் தென்சீன இனம் ஒன்று ஆன்ட்ரியாஸ் ஸ்லிகோய். 1924-இல் பெயரிடப்பட்டு, பின்னர் தனி இனம் அல்ல என்று ஒதுக்கப்பட்டு, 2019-இல் மீண்டும் தனி இனமாக ஏற்கப்பட்டது. சீனக் காடுகளில் அது இன்று எஞ்சியிருக்கிறதா என்பதே ஐயம். 2024-இல், ஜப்பானில் வளர்க்கப்பட்டு வந்த சீனச் சாலமாண்டர்களைச் சோதித்தபோது, அவற்றுள் சில இந்த அரிய இனத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அதுவரை அவற்றின் தொட்டியில் எழுதியிருந்த பெயர் வேறு.

கண்ணால் பார்த்து ஜப்பானிய இனத்தையும் கலப்பினத்தையும் பிரித்தறிவது அனுபவமுள்ளவர்களுக்கும் முடியாத காரியம். புள்ளிகளின் அமைப்பும் தலையின் மருக்களும் ஓரளவு வழிகாட்டும், அவ்வளவே. கியோட்டோவில் இன்று பின்பற்றும் முறை இது: ஆற்றில் பிடிபட்ட விலங்கின் நீளமும் எடையும் குறிக்கப்படுகின்றன. அடையாளத்துக்காக நுண்சில்லு ஒன்று தோலுக்கடியில் பொருத்தப்படுகிறது. உடலிலிருந்து எடுத்த சிறு மாதிரி ஆய்வகத்துக்குச் செல்கிறது. முடிவு வரும்வரை விலங்கு தொட்டியில் காத்திருக்கும். ஜப்பானிய இனம் என்று வந்தால் ஆற்றில் விடப்படும். கலப்பினம் என்று வந்தால் எஞ்சிய காலம் முழுவதும் தொட்டியில்தான். அது இன்னும் ஐம்பது ஆண்டுகளாகவும் இருக்கலாம்.